ஒற்றைப் பல்லுடன் பதவி ஏற்ற ஜனாதிபதி

1789-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் 30-ந்தேதி.

நியூயார்க் நகரம் விழாக்கோலம் பூண்டிருந்தது. தெருவெல்லாம் மனிதத் தலைகள். வீட்டு ஜன்னல்களிலும் கூரைகளிலும்கூட ஜனங்கள் நின்றார்கள்.

பெடரல் ஹால் என்ற கட்டிடத்தின் மாடி முகப்பில் ஒரு நெட்டை மனிதர் வந்து நின்றார். ஆறடி உயரம். கம்பீரமான தோற்றம். வயது 57.

பைபிள் மீது கை வைத்துப் பதவிப் பிரமாணம் எடுத்துக்கொண்டார். கூட்டம் வாழ்த்து முழக்கம் எழுப்பியது. பீரங்கிகள் அதிர்ந்தன.

அவர்தான் அமெரிக்க நாட்டின் முதல் ஜனாதிபதி ஜார்ஜ் வாஷிங்டன்.

படை நடத்தியவர். நாட்டுக்கு விடுதலை வாங்கித் தந்தவர். பெரும் பண்ணைக்குச் சொந்தக்காரர். அவரிடம் இல்லாதது எது?

பல்!

ஆம். நாட்டின் தலைவராகப் பதவி ஏற்ற அன்று, அவர் வாயில் இருந்த சொந்தப் பல் ஒன்றே ஒன்றுதான். மற்றவை எல்லாம் செய்து மாட்டியவை.

அந்தப் பற்களுக்காக அவர் கொடுத்த விலை என்ன? அவருக்காக மற்றவர்கள் கொடுத்த விலை என்ன? அதுதான் இந்தக் கதை.

தந்தையை இழந்த சிறுவன்

1732-ம் ஆண்டு பிப்ரவரி 22-ந்தேதி வாஷிங்டன் பிறந்தார். ஊர் வர்ஜீனியா. அப்போது அமெரிக்கா தனி நாடு அல்ல. வர்ஜீனியாவும் அதன் அக்கம்பக்கத்துப் பகுதிகளும் இங்கிலாந்தின் ஆட்சியில் இருந்தன.

வாஷிங்டனுக்கு 11 வயதானபோது தந்தை இறந்துவிட்டார். தந்தை விட்டுச்சென்ற சொத்தில் சிறுவனுக்கும் பங்கு கிடைத்தது. ஒரு பண்ணை. அத்துடன் 10 அடிமைகள்.

அந்த நாளில் அங்கே மனிதர்களும் சொத்துக் கணக்கில்தான் எழுதப்பட்டார்கள். ஆப்பிரிக்காவில் இருந்து கறுப்பு இன மக்களைக் கப்பலில் ஏற்றி வந்து விற்றார்கள். அவர்களுக்குப் பிறந்த குழந்தைகளும் அடிமைகளே. 11 வயதுச் சிறுவன் 10 மனிதர்களுக்கு எஜமான் ஆனது அப்படித்தான்.

வாஷிங்டன் பெரிய படிப்புப் படிக்கவில்லை. நிலம் அளக்கும் தொழிலைக் கற்றுக்கொண்டார். 17 வயதில் ஒரு மாவட்டத்துக்கு நில அளவைக்காரராக நியமிக்கப்பட்டார். காடு மேடு எல்லாம் அலைந்தார். கிடைத்த இடத்தில் தூங்கினார். உடம்பு இரும்பு போல ஆயிற்று.

1751-ல் நோயாளியான தன் அண்ணனுடன் பார்படோஸ் தீவுக்குப் போனார். அங்கே அவருக்கு அம்மை கண்டது. பிழைத்து எழுந்தார்.

பிறகு பட்டாளத்தில் சேர்ந்தார். 1755-ல் பிரெஞ்சுக்காரர்களுடன் ஒரு பெரிய சண்டை நடந்தது. அவர் ஏறியிருந்த குதிரை சுடப்பட்டு விழுந்தது. மற்றொரு குதிரை மீது ஏறினார். அதுவும் விழுந்தது. அவருடைய கோட்டில் குண்டு துளைத்த ஓட்டைகள் நான்கு இருந்தன. அவர் உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை.

குண்டுக்குத் தப்பியவர், பல்வலிக்குத் தப்பவில்லை!

முதல் பல்லுக்கு ஐந்து ஷில்லிங்

வாஷிங்டனுக்குக் கணக்கு எழுதும் பழக்கம் உண்டு. ஒரு காசு செலவானாலும் எழுதி வைப்பார். அந்தக் கணக்கில் இருந்துதான் அவருடைய பல்லின் கதை நமக்குத் தெரியவருகிறது.

1756-ம் ஆண்டு. அவருக்கு 24 வயது. வாட்சன் என்ற வைத்தியர் ஒரு பல்லைப் பிடுங்கினார். அதற்குக் கூலி 5 ஷில்லிங்.

அதுதான் தொடக்கம். அதன்பிறகு பல் ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டே இருந்தது. பல்வலி, ஈறு வீக்கம், மறுபடியும் பல்வலி. ஆண்டுக்கணக்கில் இதே பாடு.

அவர் பல்லைக் கவனிக்காமல் விட்டவர் அல்ல. பல் தேய்க்கும் பிரஷ் வாங்கினார். பல்பொடி வாங்கினார். பல்லில் படியும் கறையைச் சுரண்டும் கருவிகள் வாங்கினார். ஈறுக்கு மருந்து வாங்கினார். எல்லாம் கணக்கில் இருக்கிறது.

பின் ஏன் பல் போயிற்று?

அந்த நாளில் பல நோய்களுக்குப் பாதரசம் கலந்த மருந்தைக் கொடுத்தார்கள். அது பல்லையும் ஈறையும் கெடுக்கக்கூடியது. அந்த மருந்து காரணமாக இருக்கலாம் என்று பின்னாளில் ஆராய்ந்தவர்கள் கருதினார்கள். பருப்புக் கொட்டைகளைப் பல்லால் கடித்து உடைத்ததுதான் காரணம் என்றார், அவருக்கு அடுத்து ஜனாதிபதியான ஜான் ஆடம்ஸ்.

காரணம் எதுவானாலும், வைத்தியம் ஒன்றுதான். வலிக்கிறதா? பிடுங்கு!

மயக்க மருந்து கிடையாது. மரத்துப்போக ஊசி கிடையாது. நோயாளி நாற்காலியைப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடித்து வலியைத் தாங்க வேண்டும். கடிக்கத்தான் பல் இல்லையே! ஈதர் என்ற மயக்க மருந்தைக் கொடுத்து வலி தெரியாமல் அறுவை செய்யலாம் என்று, 1846-ல் பாஸ்டன் நகரில் வில்லியம் மார்ட்டன் என்ற பல் வைத்தியர் எல்லோர் முன்னிலையிலும் காட்டினார். வாஷிங்டன் மறைந்து 47 ஆண்டுகள் கழித்து!

எதிரி கையில் சிக்கிய பல் கடிதம்

1759-ல் வாஷிங்டனுக்குத் திருமணம் நடந்தது. மணமகள் மார்த்தா. கணவனை இழந்தவர், இரண்டு குழந்தைகளுக்குத் தாய், பெரும் செல்வம் உள்ளவர். இருவரும் மவுண்ட் வெர்னன் என்ற பண்ணை வீட்டில் குடித்தனம் நடத்தினார்கள்.

அந்தக் காலத்தில் ஜான் பேக்கர் என்ற பல் வைத்தியரிடம் வாஷிங்டன் வைத்தியம் செய்துகொண்டார். தந்தத்தில் செதுக்கிய பல்லை, மிச்சம் இருந்த சொந்தப் பற்களோடு கம்பியால் கட்டினார் பேக்கர். கம்பி அடிக்கடி தளர்ந்துவிடும். திரும்ப முறுக்க வேண்டும்.

1775-ல் இங்கிலாந்தை எதிர்த்து அமெரிக்க மக்கள் போர் தொடங்கினார்கள். படைக்குத் தலைமைத் தளபதி வாஷிங்டன். எட்டு ஆண்டுகள் போர். பனியிலும் பட்டினியிலும் அவர் படை தவித்தது. வாய்க்குள்ளே வேறொரு போர் நடந்துகொண்டிருந்தது.

1781-ம் ஆண்டு மே மாதம் நியூயார்க் நகருக்கு அருகே முகாம் இட்டிருந்தார். பிலடெல்பியா நகரில் இருந்த பேக்கருக்கு ஒரு கடிதம் எழுதினார். பல்லில் கட்டிய கம்பியை முறுக்க ஒரு சிறிய குறடு வேண்டும், பல்லைச் சுரண்டும் கருவி வேண்டும், அனுப்பி வையுங்கள் என்று கேட்டார். பிலடெல்பியாப் பக்கம் இப்போதைக்கு வரமுடியாது என்றும் அதில் எழுதியிருந்தார்.

கடிதம் பேக்கருக்குப் போய்ச் சேரவில்லை. வழியில் பிரிட்டிஷ் படை கையில் சிக்கிக்கொண்டது!

தளபதிக்குப் பல் சரியில்லை என்ற ரகசியம் எதிரிக்குத் தெரிந்துவிட்டது. வாஷிங்டனுக்கு இது எவ்வளவு வெட்கமாக இருந்திருக்கும்!

ஆனால் அதிலும் ஒரு வேடிக்கை. வாஷிங்டன் நியூயார்க்கைத்தான் தாக்கப்போகிறார், தெற்கே போகமாட்டார் என்று பிரிட்டிஷ் தளபதி கிளிண்டன் நம்பினார். அப்படி அவர் நம்பியதற்குச் சிக்கிய மற்றக் கடிதங்களோடு இந்தப் பல் கடிதமும் துணைசெய்தது என்று சரித்திரம் எழுதுவோர் சிலர் கூறுகிறார்கள்.

அந்த ஆண்டு ஆகஸ்டில் வாஷிங்டன் படையைத் திருப்பினார். பிலடெல்பியா வழியாகவே தெற்கே போனார். யார்க்டவுன் என்ற இடத்தில் பிரிட்டிஷ் படையை வளைத்துக்கொண்டார். அக்டோபர் 19-ந்தேதி அந்தப் படை சரண் அடைந்தது. அந்தப் படையின் தளபதி யார் தெரியுமா? பின்னாளில் இந்தியாவுக்குக் கவர்னர் ஜெனரலாக வந்து திப்பு சுல்தானோடு போரிட்டாரே, அதே காரன்வாலிஸ்!

டிராயரில் இருந்த இரண்டு பல்

போர் ஓய்ந்த நேரம். 1782-ம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாள். வாஷிங்டன் இன்னும் முகாமில்தான் இருந்தார். ஊரில் பண்ணையைக் கவனித்து வந்த லண்ட் வாஷிங்டன் என்ற உறவினருக்குக் கடிதம் எழுதினார்.

தன் அறையில் உள்ள மேஜையின் டிராயரைத் திறந்து பார்க்கும்படி அதில் சொல்லியிருந்தார். அதில் இரண்டு சிறிய முன்பற்கள் இருக்கும். அவற்றைப் பத்திரமாகப் பொதிந்து அனுப்ப வேண்டும்!

விழுந்த பல்லைக் கூரை மேல் எறிவது நம் வீட்டுக் குழந்தைகளின் வழக்கம். வாஷிங்டனோ பூட்டி வைத்தார். ஏன்? பொய்ப்பல் கட்டுவதற்கு அது உதவும். மனிதப் பல்லைப் போல் நிறமும் வழவழப்பும் வேறு எதிலும் கிடைக்கவில்லை. யானைத் தந்தம் நாளடைவில் பழுத்துவிடும். மாட்டுப் பல்லும் குதிரைப் பல்லும் பார்த்தாலே தெரிந்துவிடும். மனிதனுக்கு மனிதப் பல்தான் பொருந்தியது.

அப்படியானால் மனிதப் பல் எங்கே கிடைக்கும்?

மனிதன் வாயில்தான்!

ஒன்பது பல்

இங்கேதான் கதையின் முக்கியமான கட்டம் வருகிறது.

லெ மேயர் என்ற பிரெஞ்சு பல் வைத்தியர் அப்போது அமெரிக்காவில் பெயர் பெற்று விளங்கினார். ஒருவர் வாயில் இருந்து நல்ல பல்லைப் பிடுங்கி, அது காய்வதற்குள் இன்னொருவர் வாயில் நட்டுவிடுவது அவருடைய வித்தை. நாற்று நடுவது போல!

அப்படி நட்ட பல் பெரும்பாலும் நெடுநாள் நிலைப்பது இல்லை. சிலருக்கு ஒருவர் நோய் மற்றவருக்குத் தொற்றியது. ஆனாலும் பணக்காரர்கள் அதை விரும்பினார்கள்.

நல்ல முன்பல் கொடுப்பவருக்குப் பல் ஒன்றுக்கு 2 கினி தரப்படும் என்று லெ மேயர் பத்திரிகையில் விளம்பரம் செய்தார். ஒரு கினி என்பது 21 ஷில்லிங். ஆகவே ஒரு பல்லின் விலை 42 ஷில்லிங். ஏழைகளுக்கு அது பெரிய தொகை. வர்ஜீனியாவில் அவர் செய்த விளம்பரத்தில், அடிமைகளுக்கு இந்த விலை கிடையாது என்று சேர்த்துக்கொண்டார்.

வாஷிங்டன் 1783-ம் ஆண்டு டிசம்பரில் தளபதி பதவியை விட்டுவிட்டு ஊர் திரும்பினார். அடுத்த ஆண்டு லெ மேயர் மவுண்ட் வெர்னனுக்கு விருந்தாளியாக வந்தார்.

அதே 1784-ம் ஆண்டு மே மாதம், வாஷிங்டன் வீட்டுக் கணக்குப் புத்தகத்தில் லண்ட் வாஷிங்டன் ஒரு வரி எழுதினார். ஒன்பது பல்லுக்காகக் கறுப்பர்களுக்குக் கொடுத்தது, லெ மேயர் கணக்கில், 6 பவுண்டு 2 ஷில்லிங்.

ஒரே ஒரு வரி. அவ்வளவுதான்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு பவுண்டுக்கு 20 ஷில்லிங். ஆகவே 6 பவுண்டு 2 ஷில்லிங் என்பது 122 ஷில்லிங். அதை ஒன்பதால் வகுத்தால், ஒரு பல்லுக்கு 13 ஷில்லிங்குக்குச் சற்றே அதிகம்.

வெளியாட்களுக்கு ஒரு பல்லுக்கு 42 ஷில்லிங் என்று விளம்பரம். அந்தக் கணக்கில் ஒன்பது பல்லுக்கு 378 ஷில்லிங் ஆக வேண்டும். பண்ணை ஆட்களுக்குக் கிடைத்ததோ அதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை.

பணம் கொடுத்தார்களே என்று சொல்லலாம். ஆனால் எஜமான் பல்லைக் கேட்டால், அடிமை முடியாது என்று சொல்ல முடியுமா? விலை போதாது என்று பேரம் பேச முடியுமா? தன் உடம்பே தனக்குச் சொந்தம் இல்லாதவனுக்குப் பல் மட்டும் எப்படிச் சொந்தமாகும்?

அந்த ஒன்பது பல் வாஷிங்டனின் வாய்க்குள் போயிற்றா, வேறு யாருக்காவது போயிற்றா என்று கணக்குப் புத்தகம் சொல்லவில்லை. பல் கொடுத்தவர்கள் ஆணா பெண்ணா, அவர்கள் பெயர் என்ன, அதையும் சொல்லவில்லை. பல்லைப் பிடுங்க வந்த வைத்தியரின் பெயர் இருக்கிறது. பல்லைப் பறிகொடுத்தவரின் பெயர் இல்லை.

நீர்யானைத் தந்தமும் தங்கத் திருகும்

1789-ல் வாஷிங்டன் ஜனாதிபதி ஆனார். நியூயார்க்கில் ஜான் கிரீன்வுட் என்ற பல் வைத்தியர் அவருக்குக் கிடைத்தார். கிரீன்வுட் சிறுவனாக இருந்தபோது விடுதலைப் போர்ப் படையில் புல்லாங்குழல் ஊதியவர். தன் பழைய தளபதிக்குப் பல் கட்டும் வேலை அவருக்கு வந்து சேர்ந்தது.

அவர் நீர்யானைத் தந்தத்தைக் குடைந்து அடித்தட்டு செய்தார். அதில் மனிதப் பற்களைப் பதித்தார். தங்கம் உபயோகித்துப் பொருத்தினார்.

கீழ்த்தட்டில் மட்டும் ஒரு துவாரம் விட்டார். எதற்கு? வாஷிங்டனின் கடைசிச் சொந்தப் பல் அதன் வழியாக வெளியே வரவேண்டும். அந்த ஒற்றைப் பல்தான் தட்டை நகராமல் பிடித்துக்கொள்ளும் ஆணி!

பொய்ப்பற்கள் எத்தனை இருந்தாலும், வேர் உள்ள பல் ஒன்று இருந்தால் அதற்கு மரியாதையே தனி. அது கிரீன்வுட்டுக்குத் தெரிந்திருந்தது.

வாஷிங்டன் வாழ்நாளில் பல செட் பல் கட்டிக்கொண்டார். அவற்றில் முழுசாக இருக்கும் ஒரு செட் இன்றும் மவுண்ட் வெர்னனில் பாதுகாத்து வைக்கப்பட்டிருக்கிறது. ஈயத்தால் ஆன தட்டு. அதில் மனிதப் பல், விலங்குப் பல். மேல் தட்டையும் கீழ்த் தட்டையும் இரண்டு ஸ்பிரிங்குகள் இணைக்கின்றன.

அந்த ஸ்பிரிங் எப்போதும் வாயைத் திறக்கப் பார்க்கும். வாஷிங்டன் தாடையை இறுக்கிப் பிடித்தால்தான் வாய் மூடியிருக்கும். விருந்திலும் அப்படித்தான். மந்திரிகளோடு பேசும்போதும் அப்படித்தான். கொஞ்சம் அசந்தால் பல் செட் வெளியே எட்டிப் பார்க்கும்!

காலையில் அவர் விரும்பிச் சாப்பிட்டது மக்காச்சோள மாவில் சுட்ட மெல்லிய அடை. அதன்மேல் தேனும் வெண்ணெயும் மிதக்கும். மெல்லும் வேலை இல்லை.

1793-ல் அவர் இரண்டாம் முறை பதவி ஏற்றார். அன்று அவர் பேசிய பேச்சில் மொத்தம் 135 சொற்களே இருந்தன. பதவி ஏற்ற எந்த அமெரிக்க ஜனாதிபதியும் அவ்வளவு சுருக்கமாகப் பேசியது இல்லை.

டாலர் நோட்டில் இறுகிய வாய்

அமெரிக்காவின் ஒரு டாலர் நோட்டைப் பார்த்தவர்கள் உண்டு. அதில் வாஷிங்டனின் முகம் இருக்கிறது. வாய் இறுக்கமாக மூடியிருக்கும். புன்னகையின் சுவடே இராது.

கில்பர்ட் ஸ்டுவர்ட் என்ற ஓவியர் 1796-ல் தீட்டிய படத்தைப் பார்த்து அச்சிட்டது அது. வாஷிங்டன் அப்போதுதான் புதிய பல் செட் மாட்டியிருந்தார் என்றும், வாய் அப்படி இறுகித் தெரிவதற்கு அதுவே காரணம் என்றும் ஸ்டுவர்ட் பின்னர் கூறினார்.

அதே 1796-ம் ஆண்டில் அந்தக் கடைசிப் பல்லும் போய்விட்டது. கிரீன்வுட்தான் அதைப் பிடுங்கினார். அதைத் தூக்கி எறிய அவருக்கு மனம் வரவில்லை. சிறு கண்ணாடிப் பேழையில் வைத்துத் தன் கடிகாரச் சங்கிலியில் தொங்கவிட்டுக்கொண்டார்!

பதினைந்து டாலர் பில்

1797-ல் வாஷிங்டன் பதவியை விட்டு ஓய்வு பெற்றார். பல்லுக்கு மட்டும் ஓய்வு இல்லை.

பல் செட் உதட்டை முன்னே தள்ளுகிறது, மூக்குக்குக் கீழே வீங்கியது போல் தெரிகிறது என்று கிரீன்வுட்டுக்குக் கடிதம் எழுதினார். பல் செட்டைப் பெட்டியில் வைத்து நியூயார்க்குக்கு அனுப்புவார். அங்கே ராவிச் சரிசெய்து திருப்பி அனுப்புவார்கள். மறுபடியும் சரியாக இராது. மறுபடியும் பெட்டி புறப்படும்.

1798 டிசம்பரில் அப்படி அனுப்பியபோது செட் கறுத்துப் போயிருந்தது. திராட்சை மதுவில் ஊறவைத்ததாலோ, அதைக் குடித்ததாலோ கறுத்திருக்கும் என்று கிரீன்வுட் பதில் எழுதினார். மது அருந்தும் முன்பு கழற்றிவிட வேண்டும், பிரஷினால் சுத்தம் செய்ய வேண்டும் என்று யோசனையும் சொன்னார்.

அந்த வேலைக்காக வாஷிங்டன் அனுப்பிவைத்த தொகை 15 டாலர்.

ஜனாதிபதியாக இருந்தபோது அவருக்கு ஆண்டுச் சம்பளம் 25 ஆயிரம் டாலர். அவருக்கு 15 டாலர் ஒரு பொருட்டா? பணம் கொடுக்க அவர் அஞ்சவில்லை. ஆனால் எவ்வளவு பணம் கொடுத்தாலும், நன்றாகக் கடிக்கும் ஒரு பல் அவருக்குக் கிடைக்கவில்லை.

இறுதி நாள்

1799 டிசம்பர் 12-ந்தேதி பனியிலும் மழையிலும் குதிரை ஏறிப் பண்ணையைச் சுற்றி வந்தார். மறுநாள் தொண்டை வலி. அதற்கு அடுத்த நாள் மூச்சுத் திணறல். வைத்தியர்கள் வந்தார்கள். அந்நாள் வழக்கப்படி உடம்பில் இருந்து ரத்தத்தை வெளியேற்றினார்கள். அன்று இரவே, டிசம்பர் 14-ந்தேதி, அவர் உயிர் பிரிந்தது. வயது 67.

இறப்பதற்குச் சில மாதங்களுக்கு முன்பு அவர் உயில் எழுதியிருந்தார். அப்போது மவுண்ட் வெர்னனில் 317 அடிமைகள் இருந்தார்கள். அவர்களில் 123 பேர் வாஷிங்டனுக்குச் சொந்தம். மார்த்தாவின் காலத்துக்குப் பிறகு அவர்களை விடுதலை செய்ய வேண்டும் என்று உயிலில் எழுதினார். மார்த்தா அதுவரை காத்திருக்கவில்லை. 1801 ஜனவரி முதல் தேதியே அவர்கள் விடுதலை பெற வழிசெய்தார்.

மார்த்தாவின் முதல் கணவர் குடும்பத்துச் சொத்தாகக் கருதப்பட்டவர்களுக்கு அந்த விடுதலை கிடைக்கவில்லை.

வாஷிங்டனுக்கு மரப்பல் இருந்தது என்று ஒரு கதை உலகம் முழுவதும் பரவியிருக்கிறது. அது தவறு. அவருடைய பல் செட் எதிலும் மரம் இல்லை. கறை படிந்த தந்தத்தில் தெரியும் கோடுகள் மரத்தின் ரேகை போல் இருக்கும். அதைப் பார்த்து யாரோ கட்டிய கதை. மரப்பல் என்றால் சிரித்துவிட்டுப் போய்விடலாம். மனிதப் பல் என்றால் அப்படிப் போக முடியாது.

இன்று ஒரு கேப்பின் விலை

இன்று நம் வீட்டில் ஒருவருக்குப் பல் பாதி சிதைந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். டாக்டர் உடனே பிடுங்குவது இல்லை. வேர் நன்றாக இருந்தால், உள்ளே சுத்தம் செய்து, மேலே ஒரு கேப் போடலாம் என்கிறார். தொகையைக் கேட்டதும் வீட்டில் எல்லோரும் மலைத்துப் போகிறோம். இத்தனை சின்னப் பொருளுக்கு இத்தனை பணமா?

வாஷிங்டனின் பில்லைப் பிரித்துப் பார்த்தால் இதற்கு விடை கிடைக்கும்.

முதலாவது, பொருள். அவருக்கு நீர்யானைத் தந்தம், தங்கம். இன்று உலோகம், உலோகத்தின் மேல் பூசிய பீங்கான், ஜிர்கோனியா என்ற வெண்ணிறப் பொருள். பொருள் மாறினால் விலையும் மாறும். உள்ளே இருக்கும் கடைவாய்ப் பல்லுக்கு உறுதி வேண்டும். வெளியே தெரியும் முன்பல்லுக்கு அழகும் வேண்டும்.

இரண்டாவது, கைவேலை. கிரீன்வுட் ஒவ்வொன்றாகச் செதுக்கினார். இன்றும் கேப் என்பது கடையில் அளவு பார்த்து வாங்கும் செருப்பு அல்ல. டாக்டர் பல்லைச் சீவி அச்சு எடுப்பார். அல்லது கேமராவினால் அளவு எடுப்பார். பல் செய்யும் கூடத்தில் அந்த ஒரு வாய்க்கென்றே அதைச் செய்வார்கள். தயாராகும்வரை தற்காலிகக் கேப் ஒன்றை மாட்டுவதும் உண்டு.

மூன்றாவது, சரிபார்க்கும் வேலை. வாஷிங்டனின் பெட்டி ஊருக்கு ஊர் அலைந்ததே, அந்த வேலை. கடித்துப் பார்த்து, இடிக்கிறதா, உயரமா என்று பார்த்துத் திருத்த வேண்டும்.

நான்காவது, அதற்கு முன்பு செய்யும் வைத்தியம். எக்ஸ்ரே, வேர் சிகிச்சை ஆகியவற்றின் செலவு கேப்பின் விலையில் சேர்ந்ததா, தனியா என்று முதலிலேயே கேட்டுக்கொள்வது நல்லது. எந்தப் பொருள், எத்தனை முறை வரவேண்டும், உடைந்தால் யார் பொறுப்பு என்றும் கேட்கலாம். கேட்பதில் வெட்கம் எதற்கு? நம் பணம், நம் பல்.

செலவு கட்டுப்படி ஆகாதவர்கள் பேசாமல் பிடுங்கிவிடலாம் என்று நினைக்கிறார்கள். பிடுங்குவது இன்றைக்கு மலிவுதான். ஆனால் இடைவெளி அப்படியே நிற்காது. பக்கத்துப் பற்கள் அந்தப் பக்கம் சாயும். எதிர்ப்பல் இறங்கும். பிறகு அந்த இடத்தில் பல் கட்டுவதற்கு ஆகும் செலவு, கேப்பின் செலவை மிஞ்சக்கூடும். அரசாங்கப் பல் மருத்துவமனைகளில் செலவு குறையும். அங்கே ஒருமுறை காட்டிவிட்டு முடிவு செய்யலாம்.

சிறு சொத்தையாக இருக்கும்போதே போய்விட்டால் கேப் வரைக்கும் போகவே வேண்டாம். அடைத்துவிட்டால் போதும்.

எழுதாத பெயர்கள்

வாஷிங்டன் தன் நாட்டுக்கு விடுதலை வாங்கித் தந்தார். அந்தப் புகழ் அவருக்கு என்றும் உண்டு. தன் வாய்க்கு மட்டும் வலியில் இருந்து விடுதலை வாங்க அவரால் முடியவில்லை. 24 வயதில் 5 ஷில்லிங்கில் தொடங்கிய செலவு, சாகும் ஆண்டில் 15 டாலர் வரை தொடர்ந்தது.

ஆனால் அந்தக் கணக்குப் புத்தகத்தில் எல்லாவற்றையும்விடப் பெரிய செலவு, அந்த ஒன்பது பல்தான். அதற்கு எழுதிய தொகை 6 பவுண்டு 2 ஷில்லிங். அந்தப் பல்லைக் கொடுத்தவர்கள் மயக்க மருந்து இல்லாமல் வலியைத் தாங்கினார்கள். பொக்கை வாயோடு பண்ணைக்குத் திரும்பி வேலை செய்தார்கள். அவர்களுக்குப் பல் கட்ட எந்த வைத்தியரும் வரவில்லை.

இன்று டாக்டர் போடும் கேப்புக்காக யாரும் தன் பல்லை இழக்க வேண்டியது இல்லை. பீங்கானும் உலோகமும் அந்த வேலையைச் செய்கின்றன. விலை அதிகமா, குறைவா என்று நாம் கணக்குப் பார்க்கலாம், பேரமும் பேசலாம், வேண்டாம் என்று எழுந்தும் வரலாம்.

மவுண்ட் வெர்னனில் 1784-ம் ஆண்டு நாற்காலியில் உட்கார வைக்கப்பட்டவர்களுக்கு அந்த உரிமை இல்லை.